கழிபொருள் வாணிகம்

வீட்டிற்குள் ஒரு பொருள் நுழைவது எளிது, வெளியேறுவது அரிது. புதிதாக வாங்கிய கட்டிலை நால்வர் கூடிச் சுமந்து வருவர். அண்டை வீட்டார் வந்து பார்த்துப் பாராட்டுவர். இருபது ஆண்டுகள் சென்றபின், அக்கட்டில் கால் ஒடிந்து கிடக்கும்பொழுது, அதனை எடுத்துச் செல்ல எவரும் எளிதில் முன்வாரார். அது கூடத்திலிருந்து திண்ணைக்கும், திண்ணையிலிருந்து கொல்லைக்கும் இடம் மாறுமேயன்றி வீட்டைவிட்டு நீங்குவதில்லை.

நம் நாட்டில் இத்துன்பம் ஓரளவு குறைவு. பழைய தாள், பழைய பாத்திரம், உடைந்த இரும்பு ஆகியவற்றை விலை கொடுத்து வாங்கிச் செல்வோர் தெருத்தோறும் கூவிக்கொண்டு வருவர். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுத்த வணிகரைப்பற்றி உங்கள் பாட்டனாரைக் கேட்டால் விரிவாகச் சொல்வார். இங்கே, கழித்த பொருளுக்கு நாம் காசு பெறுகிறோம். கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலோ, கழித்த பெரும்பொருளை எடுத்துச் செல்பவருக்கு வீட்டுக்காரர் காசு கொடுக்கிறார். இம்மாறுபாட்டுக்குக் காரணம் யாது? அங்கே ஆள்கூலி மிகுதி. பொருளின் விலை அக்கூலியோடு ஒப்பிடுகையில் குறைவு. பழைய நாற்காலியைப் பழுதுபார்க்க ஆகும் செலவில் புதிய நாற்காலியே வாங்கிவிடலாம் என்னும் நிலை அங்குப் பல வேளைகளில் உண்டு. ஆகவே பொருள்கள் விரைந்து பழையனவாகின்றன. நிலவறையிலும் கார் நிறுத்தும் கொட்டகையிலும் குவிகின்றன. வாரந்தோறும் வரும் நகராட்சி வண்டி, தொட்டியில் இட்ட சிறு குப்பையைக் கொண்டுபோகுமேயன்றி, மாடியிலுள்ள பழைய சோபாவை இறக்கிக் கொண்டுபோகாது. அச்சோபாவை யார் இறக்குவது? இக்கேள்வியிலிருந்து பிறந்ததே இப்பாடத்தில் நாம் காணப்போகும் வாணிகம்.

1989-ஆம் ஆண்டு. கனடாவின் மேலைக் கடற்கரையில் உள்ள வான்கூவர் நகரம். பிரையன் ஸ்கூடமோர் என்னும் இருபது வயது நிரம்பாத இளைஞர், காரிலிருந்து இறங்காமலே உணவு வாங்கும் மக்டொனால்டு கடையொன்றின் வரிசையில் காத்திருந்தார். அவர் பள்ளிப் படிப்பை ஒரு பாடம் குறையாக விட்டவர். எப்படியோ பேசிக் கல்லூரியில் இடம்பெற முனைந்தவர். ஆனால் அதற்கு வேண்டிய பணம் இல்லாதவர். அவருக்கு முன்னால் ஒரு பழைய சிறிய லாரி நின்றது. அதன் பக்கங்களில் பலகை அடித்து உயர்த்தியிருந்தனர். குப்பை ஏற்றிச் செல்லும் வண்டி என்பது அதன்மேல் எழுதியிருந்தது. இத்தொழிலை நாமும் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. சில நாள்களுக்குள் தம் சேமிப்பிலிருந்து 700 டாலர் கொடுத்து ஒரு பழைய போர்டு லாரியை வாங்கினார்.

தொழிலுக்கு அவர் வைத்த பெயர் 'ரப்பிஷ் பாய்ஸ்' என்பது. 'குப்பைப் பையன்கள்' என அதனைத் தமிழாக்கலாம். இருந்தவர் ஒருவர், பெயரோ பன்மை. இலக்கணம் கற்றோர் இதனை வழு என்பர். இளைஞர் உள்ளத்தில் அப்பொழுதே ஒரு கூட்டம் இருந்தது என்று நாம் கொள்வோம். வாணிகம் அவருக்கு முற்றிலும் புதியதன்று. சான் பிரான்சிஸ்கோ நகரில் அவருடைய தாத்தாவும் பாட்டியும், படைத்துறையில் மிகுந்த பொருள்களை விற்கும் கடை ஒன்றை நடத்தினர். சிறுவயதில் அக்கடையில் நின்று, வருவோரை முகமலர்ந்து வரவேற்பதும் பேசுவதும் அவர் கண்டு பழகியவை.

கல்லூரிச் செலவுக்காகத் தொடங்கிய தொழில் கல்லூரியையே விழுங்கிற்று. 1993-இல், பட்டம் பெற ஓராண்டே எஞ்சியிருக்க, அவர் படிப்பைக் கைவிட்டார். அவருடைய தந்தையார் கல்லீரல் மாற்று அறுவை செய்யும் மருத்துவர். மகன் கல்லூரியை விட்டுக் குப்பை அள்ளப் போகிறான் என்று கேட்ட அத்தந்தையின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள். இதனைப் படிக்கும் மாணவர் எவரும் இச்செய்தியைத் தமக்கு ஆதாரமாகக் காட்டிப் பள்ளியை விட எண்ணவேண்டா. படிப்பை விட்டுத் தோற்றவர்களின் வரலாற்றை எவரும் எழுதுவதில்லை; வென்றவர் ஒருவரின் வரலாறே பாடமாகிறது. ஆகவே இத்தகைய கதைகளிலிருந்து கணக்குப் போடுவது பிழையாகும்.

இனி, இத்தொழிலின் இயல்பைச் சற்று ஊன்றி நோக்குவோம். புறத்தே பார்ப்பவர்க்கு இது சுமை தூக்கும் வேலை. தோள்வலி உடையவர் எவரும் செய்யலாம் போலத் தோன்றும். ஆனால் வீட்டார் இவ்வண்டியை அழைக்கும் நாள் எந்த நாள்? பெரும்பாலும் அது இயல்பான நாளன்று. தாயார் இறந்துவிட்டார், அவர் ஐம்பதாண்டு வாழ்ந்த வீட்டை ஒழிக்கவேண்டும். கணவனும் மனைவியும் பிரிகின்றனர். ஒரு வீடு இரண்டாகிறது. முதியவர் ஒருவர் பெரிய வீட்டை விற்றுவிட்டு இரண்டு அறைகளில் குடிபுகப்போகிறார். அந்நாளில் முன்பின் அறியாத இருவர் வீட்டின் உள்ளறைவரை வருகின்றனர். அவர்கள் தொட்டுத் தூக்குவது குப்பை என்று அவர்கள் நினைக்கலாம்; வாயிற்படியில் நின்று பார்க்கும் மகளுக்கு அது தாயின் அலமாரி. அவர்கள் அழுக்கு உடையோடு வந்தாலும், சுவரைக் கீறினாலும், பேசிய கூலிக்கு மேல் கேட்டாலும், அலமாரியை ஏளனமாகப் பார்த்து நகைத்தாலும், தொழில் அந்த வீட்டோடு முடிந்தது. ஆதலின் இவ்வாணிகத்தில் விற்கப்படும் சரக்கு தோள்வலி அன்று, நடத்தையே ஆகும். லாரியை எவரும் வாங்கலாம். நடத்தையை எந்தக் கடையில் வாங்குவது?

இவ்வுண்மையை ஸ்கூடமோர் பெரும் இழப்பின் வாயிலாக உணர்ந்தார். 1994-ஆம் ஆண்டில் அவரிடம் ஐந்து லாரிகள் இருந்தன, பதினொருவர் பணியாற்றினர், ஆண்டு வரவு ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர். எனினும், தம் ஆட்கள் வீட்டாரிடம் நடந்துகொண்ட முறை அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஒரு நாள் காலை பதினொருவரையும் ஒருங்கே அழைத்தார். தக்கவரைத் தேர்ந்தெடுக்காததும், தேர்ந்தெடுத்தவரைத் தக்கவராக்காததும் தம் பிழையே எனக் கூறி, அவர்களிடம் வருத்தம் தெரிவித்தார். பின்பு அனைவரையும் பணியினின்று நீக்கினார். ஐந்து லாரிகளை ஓட்டிக்கொண்டிருந்த நிறுவனம் மறுநாள் ஒரே லாரியை ஓட்டியது. ஏனெனில் ஒருவரால் ஒன்றைத்தானே ஓட்ட இயலும்?

இச்செயலைப் பலர் வியந்து பேசுவர். அப்பதினொருவருள் ஒன்பதின்மரே தக்கவர் அல்லர் என்று ஸ்கூடமோர் பின்னாளில் கூறினார். அவ்வாறாயின் எஞ்சிய இருவர் செய்த குற்றம் யாது? தலைவரின் பிழைக்காகத் தொண்டர் தண்டம் பெறுவது அறநூல் கற்றவர்க்கு உடன்பாடாகாது. எனினும் இந்நிகழ்ச்சிக்குப்பின் அவர் மேற்கொண்ட முறை மாறிற்று என்பதையும் மறைக்கலாகாது. அன்றுமுதல் அவர் ஆள் எடுப்பதில் காலம் செலவிட்டார். இவருடன் ஒரு விருந்தில் அமர்ந்து ஒருவேளை உண்டு மகிழ நான் விரும்புவேனா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, ஆம் என்றால் மட்டுமே சேர்த்துக்கொண்டார். லாரிகளைக் கழுவித் துடைத்துப் பளபளக்க வைத்தார். பணியாளர்க்குச் சீருடை அளித்தார். குப்பை வண்டி தூய்மையாக இருக்கவேண்டும் என்பது முரண்போலத் தோன்றினும், வாயிலில் வந்து நிற்பவரை வீட்டார் முதலில் அளப்பது கண்ணால்தானே!

தொழில் மீண்டும் வளர்ந்தது. ஆனால் மெல்ல வளர்ந்தது. ஆண்டு வரவு பத்து லட்சம் டாலரைத் தொடுவதற்கு, தொடக்கத்திலிருந்து எட்டு ஆண்டுகள் ஆயின. 1997-இல் அவர் மனம் சோர்ந்து, வான்கூவரை அடுத்த போவன் தீவில் தம் பெற்றோருக்கு இருந்த சிறு வீட்டிற்குச் சென்றார். அங்கே ஒரு தாளின் இருபுறமும், தம் நிறுவனம் வருங்காலத்தில் எவ்வாறு தோன்றும் என்பதை எழுதினார். 2003-ஆம் ஆண்டு முடிவதற்குள் வடஅமெரிக்காவின் பெருநகரங்கள் முப்பதிலும் தம் வண்டிகள் ஓடும் என்று அதில் கண்டிருந்தது. ஒரே நகரத்தில் ஓடிய நிறுவனத்திற்கு முப்பது நகரங்கள்! ஒரு நகரத்தின் பணியாளரையே கண்ணெதிரில் வைத்துக்கொண்டு நன்னெறியில் நிறுத்த இயலாது தவித்தவர், காணாத முப்பது நகரங்களில் எவ்வாறு நிறுத்துவார்? சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

இச்சிக்கலுக்கு விடையாக அவர் மேற்கொண்டது கிளையுரிமை முறை. ஆங்கிலத்தில் இதனை 'பிராஞ்சைஸ்' என்பர். இது புதிய முறையன்று. தையற்பொறி செய்த சிங்கர் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதனை ஒத்த வகையில் விற்பனை உரிமை வழங்கிற்று. 1955-இல் ரே கிராக் என்பவர் சிகாகோ நகரை அடுத்த டெஸ் பிளெயின்ஸ் என்னும் ஊரில் மக்டொனால்டு உணவுக்கடை ஒன்றைத் திறந்து, பின்னர் இம்முறையால் அதனை உலகெங்கும் பரப்பினார். ஸ்கூடமோர் அந்தப் பழைய லாரியைக் கண்டது அத்தகைய கிளைக்கடை ஒன்றின் வரிசையில் நின்றபொழுது என்பது நினைவிருக்கட்டும். வண்டி கண்ணில் பட்டது. வண்டிக்குப் பின்னால் நின்ற கடையின் முறை கண்ணில் படப் பத்தாண்டுகள் ஆயின!

கிளையுரிமை என்பது யாது? ஒரு நிறுவனம் தன் பெயரையும், தொழில்செய்யும் முறையையும், பயிற்சியையும் வேறொருவருக்குக் குறிப்பிட்ட எல்லைக்குள் பயன்படுத்த அளிக்கிறது. பெறுபவர் முதலில் ஒரு கட்டணம் செலுத்துவார். லாரியைத் தம் பணத்தால் வாங்குவார். ஆட்களைத் தாமே அமர்த்துவார். பின்பு தம் வரவில் நூற்றுக்கு இத்தனை என ஒரு பங்கைத் தாய் நிறுவனத்திற்குத் தொடர்ந்து அளிப்பார். இதனால் தாய் நிறுவனம் கடன் வாங்காமலே வளர்கிறது. அதனினும் பெரிய நன்மை ஒன்று உண்டு. சம்பளத்திற்கு அமர்த்திய மேலாளரின் சோம்பலால் வரும் இழப்பு, தொலைவில் இருக்கும் முதலாளிக்கு உரியது. தம் சேமிப்பு முழுவதையும் இட்டுக் கிளை தொடங்கியவரின் சோம்பலோ அவர் வீட்டு அடுப்பையே அணைத்துவிடும். ஆகவே கண்ணெதிரில் இல்லாத நகரத்தில் தம் கண்ணைப்போல் விழித்திருக்க ஒருவர் கிடைக்கிறார்.

எனினும் ஒரு நுட்பத்தைக் கருதவேண்டும். தாய் நிறுவனம் பெறும் பங்கு வரவின்மேல் கணக்கிடப்படுவது; இலாபத்தின்மேல் அன்று. கிளை நடத்துபவர் நூறு டாலர் வாங்கி நூற்றுப்பத்து டாலர் செலவிட்டு இழப்புற்றாலும், அந்த நூற்றுக்குரிய பங்கைச் செலுத்தியே ஆகவேண்டும். பெயரைக் கடனாகப் பெறுவோர் இதனை நன்கு எண்ணிப்பார்த்த பின்னரே கையொப்பம் இடுதல் வேண்டும். மற்றொரு தீங்கும் உண்டு: ஒரு நகரில் ஓர் ஆள் செய்த தவறு, எல்லா நகரங்களிலும் அப்பெயரைக் கறைப்படுத்தும்.

பெயரைக் கொடுப்பதாயின் அது எளிதில் நினைவில் நிற்கும் பெயராதல் வேண்டுமன்றோ? 1998-இல் 'ரப்பிஷ் பாய்ஸ்' என்னும் பெயர் நீங்கி, தொலைபேசி எண்ணே பெயராயிற்று: '1-800-காட்-ஜங்க்?' 'குப்பை இருக்கிறதா?' என்பது அதன் பொருள். அமெரிக்காவில் 1993 முதல் 'பால் இருக்கிறதா?' என்று பொருள்படும் பால் விளம்பரம் ஒன்று புகழ்பெற்றிருந்தது. அதனை நினைவூட்டுவது இது. அந்நாட்டில் 800 என்று தொடங்கும் எண்ணை அழைப்பவருக்குக் கட்டணம் இல்லை. தொலைபேசியின் ஒவ்வோர் இலக்கத்தோடும் சில ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும்; 'காட் ஜங்க்' என்பதன் ஏழு ஆங்கில எழுத்துகளையும் அழுத்தினால் 468-5865 என்னும் எண் அமையும். எழுத்தால் எண்ணைக் குறிப்பது நமக்குப் புதியதன்று. கருநாடக இசையில் மேளகர்த்தா இராகங்களின் பெயர்கள் 'கடபயாதி' என்னும் முறையால் எண்ணை உணர்த்துவதை இசை கற்ற மாணவர் அறிவர். 'தீரசங்கராபரணம்' என்னும் பெயரின் முதலிரண்டு எழுத்துகளே அது 29-ஆம் மேளம் என்று காட்டிவிடும்.

அவ்வெண் அப்பொழுது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலப் போக்குவரத்துத் துறையின் வசம் இருந்தது. ஸ்கூடமோர் அத்துறையைப் பன்முறை தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, இறுதியில் அதனைப் பெற்றார்.

முதற்கிளை 1999-இல் டொராண்டோ நகரில் தொடங்கிற்று. எந்த நகரத்து வீட்டார் அழைப்பினும் அவ்வழைப்பு வான்கூவரிலுள்ள தலைமையிடத்திற்கே செல்லுமாறு அமைத்தனர். அங்கிருப்போர் இனிய சொற்களால் விடையளித்து, நாளும் பொழுதும் குறித்து, அச்செய்தியைக் கணிப்பொறி வழியாக உரிய கிளைக்கு அனுப்புவர். இதனால் கிளை நடத்துபவர் தொலைபேசியைக் காத்திராது, லாரியையும் ஆட்களையும் கவனிக்கலாம். தாய் நிறுவனத்திற்கும் எந்தக் கிளைக்கு எத்தனை அழைப்பு, எவ்வளவு வரவு என்பது வெளிப்படும். உதவியும் காவலும் ஒரே கம்பியில் சென்றன என்னலாம்.

கூலி கணக்கிடும் முறை வியக்கத்தக்கது. லாரியின் பெட்டி ஏறத்தாழ 400 கன அடி கொள்ளும். வீட்டாரின் பொருள் அதில் எட்டில் ஒரு பங்கை நிரப்புமா, பாதியை நிரப்புமா, முழுவதையும் நிரப்புமா என்று பார்த்து, ஏற்றுவதற்கு முன்பே விலையைச் சொல்லிவிடுவர். வீட்டார் உடன்பட்டால் வேலை தொடங்கும். இல்லையேல் வண்டி திரும்பும். பின்னர்ப் பூசலுக்கு இடமில்லை. ஆனால் குப்பைக்கிடங்கில் கட்டணம் பெரும்பாலும் எடையால் வாங்கப்படுகிறது. வாங்குவது கொள்ளளவால், கொடுப்பது எடையால்! பழைய மெத்தை இடத்தை அடைக்கும், எடை குறைவு. செங்கல்லும் கான்கிரீட்டும் சிறிதே இடம்பிடித்துத் தராசை முறிக்கும். ஆதலின் மண், கல் போன்றவற்றிற்குத் தனி விலை வைத்தனர். நிறுத்தலளவையும் முகத்தலளவையும் கற்ற மாணவர் இக்கணக்கின் நயத்தைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

இம்முறையால் தொழில் விரைந்து பரவிற்று. 2003 முடிவதற்குச் சில நாள்களே இருக்க, போவன் தீவில் எழுதிய முப்பது நகரங்கள் என்னும் எல்லையை எட்டினர். அவ்வாண்டிலேயே ஓப்ரா வின்பிரி அம்மையாரின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்நிறுவனம் இடம்பெற்றது. அதுவும் அத்தாளில் எழுதியிருந்த ஒன்றே. எட்டாண்டில் பத்து லட்சம் கண்ட தொழில், 2006-ஐ ஒட்டி, எல்லாக் கிளைகளும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலர் வரவு கண்டது. ஆஸ்திரேலியாவிலும் கிளை பரவிற்று.

ஏற்றத்தைத் தொடர்ந்து இறக்கமும் வந்தது. நிறுவனம் பெரிதாயிற்று என்று எண்ணி, புகழ்பெற்ற காப்பிக்கடை நிறுவனம் ஒன்றில் உயர்பதவி வகித்தவரைக் கொணர்ந்து நிருவாகத்தை ஒப்படைத்தனர். இருவர் கருத்தும் ஒன்றுபடவில்லை. ஓராண்டுக்குச் சற்று மேல் சென்றதும் பிரிந்தனர். அதே சமயத்தில், 2008-இல், அமெரிக்கப் பொருளாதாரம் வீழ்ந்தது. வீடு விற்போரும் வாங்குவோரும் குறைந்தனர்; வீடு மாறாதவர் குப்பையும் ஒழிப்பதில்லை. ஒழிக்க விரும்பியவரும் காசு மிச்சப்படுத்தத் தாமே சுமந்தனர். வரவு குறைந்தது. மீண்டும் நிமிரச் சில ஆண்டுகள் ஆயின. 2010-இல் ஸ்கூடமோர், வீட்டிற்கு ஒரே நாளில் வண்ணம் பூசும் தொழில் ஒன்றை வாங்கி, அதனையும் இக்கிளையுரிமை முறையிலேயே நடத்தத் தொடங்கினார்.

வென்ற தொழிலுக்குப் போட்டி எழாதிராது. 2003-இல் வாஷிங்டன் நகரில் கல்லூரி மாணவர் இருவர், ஒருவருடைய தாயாரின் அறைகலன் கடைக்குரிய பழைய வண்டியைக் கொண்டு இதே தொழிலைத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அவர்களும் கிளையுரிமை அளிக்கலாயினர். வேறு சிலரும் தோன்றினர். லாரி எவருக்கும் கிடைக்கும் என்று முன்னரே கூறினோமல்லவா?

மாலையில் அந்த லாரி நேரே குப்பைக்கிடங்கிற்குச் செல்வதில்லை. பயன்படத்தக்க நாற்காலியும் மேசையும் அறநிலையங்களுக்குப் போகும். இரும்பும் செம்பும் உருக்குவோரிடம் போகும். தாளும் அட்டையும் மீண்டும் தாளாகப் போகும். நஞ்சுடைய மருந்துநீர், சாயம் முதலியவற்றை அவ்வண்டியார் ஏற்றுவதே இல்லை. கிடங்கில் கொட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் காசு கொடுக்கவேண்டியிருப்பதால், பிரித்தெடுப்பதில் அறத்தோடு ஆதாயமும் இருக்கிறது. இவை யாவும் போக எஞ்சியது மட்டுமே எடைமேடை ஏறி, மண்ணுக்குள் செல்கிறது.